அந்த நாத்தனாரை நானும்தான் திட்டினேன்

நான் வேலை பார்க்கிற சேலைக் கடைக்கு வரும் பெண்களில் பாதிப் பேர் அவளைத் திட்டிவிட்டுத்தான் அவள் சேலையைக் கேட்பார்கள். "ஏனுங்க, அந்த நாடகத்துல ஒரு மூதேவி வருவாளே, நாத்தனா, அவ கட்டிட்டு வர்ற மாதிரி பெரிய கரை வெச்ச சேலை இருக்குங்களா?" எடுத்துப் போடுவேன். மயில்கழுத்து நிற உடம்பு, அரக்குக் கரை. தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் இப்படியும் அப்படியும் திரும்புவார்கள். "அவ மூஞ்சியப் பார்த்தாத்தான் பத்திக்கிட்டு வருது. சேலையென்னமோ நல்லாத்தான் கட்டறா" என்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரிப்பேன். சிரித்தால்தான் சேலை போகும்.

அந்த நாடகம் முதலில் வந்தபோது நான் பாவாடை தாவணி போட்டுக்கொண்டிருந்தேன். ஆட்டையாம்பட்டியில் தறிச் சத்தம் அந்த அரை மணி நேரம் குறைந்துவிடும் என்று பெரியவர்கள் கேலி செய்வார்கள். இப்போது அதையே மறுபடி டிவியில் சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போடுகிறார்கள். போனில் முதலிலிருந்து கடைசி வரை முழுசாகவே கிடக்கிறது. அன்றைக்குப் பார்த்தவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்துவிட்டு மறுபடி உட்கார்ந்து பார்க்கிறார்கள், மறுபடி அவளைத் திட்டுகிறார்கள்.

கதையைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்த நாத்தனார் கட்டிக்கொடுத்த இடத்தில் வாழாமல் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டவள். வீட்டுச் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவாள். பெரிய தம்பி பொண்டாட்டி வைத்த குழம்பில் யாரும் பார்க்காதபோது உப்பை அள்ளிப் போடுவாள். புருஷன் பொண்டாட்டி இரண்டு பேரும் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் அவளுக்கு உடனே நெஞ்சு வலி வரும். எங்கள் சின்னம்மா டிவிக்கு முன்னால் உட்கார்ந்து அவளுக்குச் சாபம் கொடுக்கிற அழகுக்காகவே பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து உட்காருவார்கள்.

சின்னம்மா சாபம் கொடுப்பாள், நான் நக்கல் அடிப்பேன். இரண்டில் என் நக்கலுக்குத்தான் மவுசு. அவள் திரையில் வந்து நின்றதுமே எல்லோரும் என் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். எனக்கும் வாய் அரிக்கும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நானும் புருஷனை விட்டுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்தவள்தான். ராசிபுரத்துப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். ரிக் வண்டி வைத்திருந்தவர், ஆழ்துளைக் கிணறு போட வடக்கே போவார், மாசக்கணக்கில் வரமாட்டார். பிறகு வடக்கிலேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். விஷயம் தெரிந்த அன்றைக்கு ஒரு பையில் துணியைத் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். விவாகரத்து அது இது என்று எதுவும் செய்யவில்லை. அவர் உயிரோடுதான் இருக்கிறார், தாலி பீரோவுக்குள் இருக்கிறது. வீட்டில் அப்போது அப்பா போய்விட்டிருந்தார். அம்மாவும் தம்பியும்தான். தம்பி ஒரு வார்த்தை ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கோழித் தீவன ஆலையிலிருந்து வந்தவன் என் பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, "சாப்புட்டியாக்கா?" என்றான்.

ஆக, டிவியில் அந்த நாத்தனார் வரும்போதெல்லாம் அறையில் இருக்கிறவர்களுக்கு என் ஞாபகம் வராமல் இருக்காது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான். அவர்கள் நினைப்பதற்கு முன்னால் நானே அவளைப் பிடித்துக் கிழித்துவிட்டால் நான் அவள் இல்லை என்று ஆகிவிடும் என்று ஒரு கணக்கு எனக்கு. கேவலமான கணக்குத்தான். ஆனால் நன்றாக வேலை செய்தது.

ஆனால் கடையிலிருந்து திரும்பி வரும் டவுன் பஸ்ஸில் நான் பார்ப்பது வேறு. காதில் ஒயரை மாட்டிக்கொண்டு, அவள் வரும் காட்சிகளை மட்டும் தேடித் தேடிப் பார்ப்பேன். ஒரு காட்சி இருக்கிறது. வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போயிருப்பார்கள். அவளை யாரும் வா என்று கூப்பிட்டிருக்க மாட்டார்கள். அடுப்படியில் நின்றபடியே ஆறிப்போன சோற்றை உருட்டி உருட்டித் தின்பாள். வசனம் கிடையாது, பின்னால் இசைகூடக் கிடையாது. தின்று முடித்துவிட்டு அந்தத் தட்டைக் கழுவி, யாரும் சாப்பிட்டதே தெரியாதபடி துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். அதை எத்தனை தடவை பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பனமரத்துப்பட்டி பிரிவில் ஏறுகிற கூட்டம் என் மேல் சாய்ந்துகொண்டு நிற்கும், நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் காட்சிக்குக் கீழேயும் ஜனங்கள் திட்டித்தான் எழுதியிருந்தார்கள். நடுவில் யாரோ ஒருத்தி, "பாவம், இவளுக்கும் யாரும் இல்லை" என்று போட்டிருந்தாள். நான் அதற்கு ஒரு இதயம் போட்டேன். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் பயம் வந்துவிட்டது. என் பெயரும் படமும் அதில் தெரியுமோ, சின்னம்மா மகள் கண்ணில் பட்டுவிடுமோ என்று. இதயத்தை எடுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய், அன்றைக்கு வந்த பகுதிக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே நக்கல் அடித்தேன்.

அந்த நாத்தனாரின் சின்னத் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகிற பகுதி வந்தது. அவர்கள் பக்கத்து வழக்கத்தில், தாலியில் மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டால் மூன்றாவது முடிச்சை அவன் அக்காளோ தங்கையோ போட வேண்டும். வாழாமல் வந்தவள் போடக்கூடாது என்று வீடே மறிக்கிறது. அவள் கூடத்து நடுவில் நின்றுகொண்டு, என் தம்பி தாலியில் ஒரு முடிச்சு என் கையால்தான் விழ வேண்டும் என்று கத்துகிறாள். கத்தக் கத்தக் குரல் உடைந்துபோகிறது. எங்கள் வீட்டில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தன்ற முடிச்ச அவுத்துப் போட்டுட்டு வந்தவ, அடுத்தவளுக்கு முடிச்சுப் போட வர்றா பாரு" என்றேன்.

சின்னம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் கேட்டாள். அம்மா மட்டும் முழுசாகச் சிரிக்கவில்லை என்று பிற்பாடுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அப்போது நான் கைதட்டல் வாங்கியவளைப் போல உட்கார்ந்திருந்தேன்.

தம்பிக்கு அந்தச் சமயத்தில் பெண் அமைந்தபாடில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது ஆண்பிள்ளைகளுக்குப் பெண் கிடைப்பது குதிரைக் கொம்புதான். காடு தோட்டம் இருந்தும், நல்ல வேலை இருந்தும் முடியெல்லாம் நரைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் வீட்டில் அதற்கு மேலே ஒரு தடை உண்டு, அது நான். தரகர் பட்டும் படாமலும் சொல்வார். "மாப்பிள்ளையில ஒரு குத்தமும் இல்லீங்க. நாத்தனா ஊட்டோட இருக்குதான்னு கேக்கறாங்க. இந்த நாடகமெல்லாம் பார்த்துப் பார்த்துப் பயந்து கெடக்கறாங்க பொண்ணு ஊட்டுக்காரங்க." ஒவ்வொரு ஜாதகமும் திரும்பி வந்த அன்றைக்கு நான் கடையில் கூடுதல் நேரம் நின்று சேலை மடித்துக் கொடுத்துவிட்டு வருவேன். வீட்டில் தம்பி முகத்தைப் பார்க்க வேண்டாமே.

கடைசியில் புதுச்சத்திரத்துப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்தது. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். பெண்ணின் அம்மா டம்ளரை வாங்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் மனதில் இருந்ததை மறைக்கத் தெரியவில்லை. "நாத்தனான்னாலே டிவில வர்றவ ஞாபகந்தானுங்க வருது" என்று சொல்லிவிட்டுச் சங்கடமாகச் சிரித்தாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் சின்னம்மா முந்திக்கொண்டாள். "ஐயோ, எங்க அம்மிணிக்கு அவளக் கண்டாலே ஆகாதுங்க. அன்னிக்கி என்ன சொன்னா தெரியுங்களா?" என்று ஆரம்பித்து என் வசனத்தை என் குரலிலேயே சொல்லிக் காட்டினாள். வந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பெண்ணின் அம்மா முகத்தில் இருந்த இறுக்கம் விட்டதை நான் கண்ணாரப் பார்த்தேன். "அப்ப நம்மாளுதான்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே உறுதி செய்துவிட்டார்கள். என் தம்பிக்குப் பெண் வாங்கிக் கொடுத்தது என் நாக்குத்தான். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய்.

எங்கள் வழக்கத்தில் மூன்றாவது முடிச்சு கிடையாது. எங்களுக்கு இருப்பது இணைச்சீர். தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் புதுச்சேலை உடுத்திக்கொண்டு அவன் பக்கத்தில் நிற்பாள். சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில். சீர் செய்து வைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம், அவர் சொல்லச் சொல்ல இருவரும் நிற்பார்கள். பெண்டாட்டி வந்தாலும் உன்னை விட்டுவிட மாட்டேன் என்று அத்தனை பேர் நடுவில் அண்ணனோ தம்பியோ சொல்வதுதான் அது. எனக்கு அது வேண்டியிருந்தது. வாழ்ந்தவள், வாழாதவள் என்ற பேச்செல்லாம் ஒரு பக்கம் கிடக்கட்டும், ஊர் பார்க்க அவன் பக்கத்தில் அந்தச் சேலை முனையைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை நிற்க வேண்டும். பிறகு அந்த வீட்டில் எந்த மூலையில் வேண்டுமானாலும் இருந்துகொள்வேன். அறையில் கதவைச் சாத்திக்கொண்டு துண்டின் முனையைப் பிடித்து நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

ஒரு சாயங்காலம் அம்மா கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி கதவு நிலையில் சாய்ந்து நின்றான். இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்த மாதிரி தெரிந்தது.

"அருமைக்காரருகிட்டக் கேட்டேன் சாமி" என்றாள் அம்மா. "கூடப் பொறந்தவ ஒருத்திதான, அவளே நிக்கலாம், புருசன் உசுரோடதான இருக்கறான், ஒரு குத்தமும் இல்லைன்னுட்டாரு."

நான் கையில் இருந்த கடைப் பையைக் கீழே வைத்தேன்.

"ஆனா உனக்குத்தான் அதெல்லாம் ஆகாதே" என்றாள் அம்மா. "நீ சொன்னத அந்த ஊட்டுக்காரங்களும் கேட்டுச் சிரிச்சுட்டுப் போயிருக்கறாங்க. இப்ப உன்னையக் கொண்டுபோய் நிறுத்துனா உனக்குத்தான சங்கடம். அதான் சின்னம்மா மகளையே கூப்பிட்டுக்கலாமான்னு தம்பி கேக்கறான்."

தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் உன்னத்தான்க்கா நெனச்சிருந்தேன். உனக்கு எப்படித் தோணுதோ அப்படி" என்றான்.

ஒரு வார்த்தை போதும். நிக்கிறேன்டா என்று சொன்னால் போதும். அருமைக்காரர் தடுக்கவில்லை, அம்மா தடுக்கவில்லை, தம்பி வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறான். எனக்கோ சின்னம்மா முகம் கண்முன் வந்தது. அன்றைக்கு அப்படிப் பேசியவள் இன்றைக்கு எப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் பார் என்று அவள் சொல்லப்போவது காதில் கேட்டது. பெண்ணின் அம்மா மறுபடி முகத்தை இறுக்கிக்கொள்வாளோ என்று தோன்றியது.

"ஆமா, எனக்கெதுக்கு அந்த வேசமெல்லாம். அவளையே கூப்புடு" என்றேன்.

தம்பி சரி என்று தலையாட்டிவிட்டு வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நான் அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து கடலைக்காய் உரித்தேன். அன்றைக்கு உரித்ததில் தோல் எது பருப்பு எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு வைத்தேன். அம்மா அதை மறுபடி பொறுக்கினாள்.

இணைச்சீருக்கு உடுத்துகிற சேலையை எங்கள் கடையிலிருந்தே எடுத்து வரச் சொன்னார்கள். நானே எடுத்தேன். கடையிலேயே அதுதான் நல்ல சேலை, இலைப் பச்சைப் பட்டு. மட்டமாக ஒன்றை எடுத்துவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எடுக்கவில்லை. எனக்கென்று மயில்கழுத்தில் அரக்குக் கரை போட்டது ஒன்றை எடுத்துக்கொண்டேன். அந்த நாத்தனார் கட்டுவது.

கல்யாணத்தன்று சின்னம்மா மகள் மணமேடைக்குப் பக்கத்தில் பதறிக்கொண்டு நின்றாள். திருச்செங்கோட்டில் வாழ்க்கைப்பட்டவள், நல்ல பிள்ளை, இதற்கு முன்னால் எங்கும் நின்றதில்லை. "அக்கா, எந்தக் கையில புடிக்கோணும்? எந்தப் பக்கம் நிக்கோணும்?" என்று என் காதில் கேட்டாள். எனக்குத் தெரியும். சொல்லிக் கொடுத்தேன். கொசுவத்தைச் சரி செய்து, சேலை முனையை அவள் விரலுக்குள் வைத்து மூடிவிட்டேன். பிறகு இறங்கி வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பின் வரிசையில் யாரோ, "இந்தச் சேலையில அச்சு அசல் அவளாட்டமே இருக்கற" என்று சொல்ல, நான் திரும்பி, "சாவிக்கொத்துத்தான் கொறையுது" என்றேன். அவர்கள் சிரித்த சத்தத்தில் அருமைக்காரர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. தம்பி ஒரு தடவை சேலை முனையைப் பிடித்தபடியே நான் இருந்த பக்கம் பார்த்தான். நான் அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

புதுப்பெண் வீட்டுக்கு வந்த பிறகு வீடு நன்றாகத்தான் இருக்கிறது. எங்கள் பக்கம் புருஷனின் அக்காளை நங்கையா என்பார்கள். "நங்கையா, காபி வைக்கட்டுங்களா", "நங்கையா, கடைக்குப் போறப்ப சொல்லுங்க" என்று வாய் நிறையக் கூப்பிடுகிறாள். எங்களோடு சேர்ந்து பேச வேண்டும் என்பதற்காகவே அந்த நாடகத்தை முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள். போனைச் சொம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பூண்டு உரித்தபடி பார்ப்பாள்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லோரும் வீட்டில் இருந்தோம். தம்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். சின்னம்மா வந்திருந்தாள். பெண்ணின் போனில் அந்தக் காட்சி வந்தது. அந்த நாத்தனார் கூடத்து நடுவில் நிற்கிறாள், என் தம்பி தாலியில் ஒரு முடிச்சு என்று கத்துகிறாள். சின்னம்மா துள்ளி எழாத குறையாக, "இரு இரு, இதுக்கு உங்க நங்கையா ஒன்னு சொல்லுவா பாரு" என்றாள். பெண் போனை நிறுத்திவிட்டு ஆசையாக என் முகத்தைப் பார்த்தாள். அவளும் சிரிக்கத் தயாராக இருந்தாள். இன்னொருத்திக்கும் நான் இதைப் பழக்கிக் கொடுக்கப் போகிறேன் என்று தெரிந்தது. வாயில் அந்த வசனம் வந்து நின்றது. விழுங்கினேன்.

"அவ கேக்கறது நாயந்தான்" என்றேன்.

சின்னம்மா கெக்கெக்கே என்று சிரித்தாள். நான் புதுசாக ஒரு நக்கல் அடித்துவிட்டேன் என்று அவளுக்கு நினைப்பு. பெண்ணும் சிரித்தாள். அம்மாகூடப் புன்னகை செய்தாள். நான் உண்மையைச் சொன்னாலும் சிரிக்கிற அளவுக்கு இவர்களைப் பழக்கி வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்று எழுதினால் சின்னதாகப் படுகிறது. எழுந்து பின்பக்கம் போய் எங்காவது உட்கார்ந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

தம்பி மட்டும் சிரிக்கவில்லை. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"நெசமாத்தான் சொல்றியாக்கா?"

சும்மா சொன்னேன்டா என்று சொல்லிவிட முடியும். அது எனக்குக் கைவந்த வேலை.

"நெசமாத்தான்டா" என்றேன்.

சின்னம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. காலைத் துழாவிச் செருப்பைத் தேடினாள். தம்பி என்னைப் பார்க்காமல் தட்டைப் பார்த்தான். "அன்னிக்கி ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னமோ தப்பாகிவிட்டது என்று மட்டும் தெரிந்திருக்கிறது. பேச்சை மாற்ற நினைத்து, நிறுத்தி வைத்திருந்த போனைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள். "அப்பறம் என்ன ஆவுமுங்க நங்கையா? அவங்கள முடிச்சுப் போட உட்டாங்களா?"

"உட்டாங்க" என்றேன். "அவ வாயத் தொறந்து கேட்டாளே."